உப்பளத்துக் கரும்பூஞ்சையும் மதுரைக் காலும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்பவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது பேருந்தின் சன்னல் வழியே உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். சதுரம் சதுரமாக வரப்பிட்ட பாத்திகள், ஓரங்களில் கூம்பு கூம்பாகக் குவிக்கப்பட்ட வெள்ளை உப்பு, கண்ணைக் கூசவைக்கும் அந்த வெளியில் நீண்ட பலகைகளால் உப்பை வாரிக்கொண்டிருக்கும் ஆண்களும் பெண்களும். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று கருதுவோர் உண்டு. ஆகவே இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இவ்வூரின் பெயரைக் கேட்டதும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனும் உமணர்களின் வண்டி வரிசையும் நினைவுக்கு வருவது இயல்பு. நான் எழுதப்போவது அவர்களைப் பற்றியன்று. உப்புப் பாத்தியின் செறிந்த நீரிலும் உயிர்வாழத் தெரிந்த ஒரு பூஞ்சையைப் பற்றியும், அதைப் போலவே மனிதத் தோலில் குடியேறும் வேறு சிலவற்றைப் பற்றியும், இவற்றையெல்லாம் எந்த வீட்டில் சேர்ப்பது, என்ன பெயரிட்டு அழைப்பது என்ற பூசலைப் பற்றியும்தான்.

மரபணுக்களைப் படித்துப் பூஞ்சைகளின் பெயர்களை மாற்றி மாற்றி அமைப்பது ஆய்வுக்கூடத்தாரின் பொழுதுபோக்கு, நோயாளிக்கு அதனால் பயனேதும் இல்லை என்ற கருத்தை நான் மருத்துவம் படித்தவர்களிடமே கேட்டிருக்கிறேன். நேற்று ஒரு பெயர், இன்று ஒரு பெயர், நாளை வேறொன்று, மருந்து மட்டும் அதே மருந்து என்று அவர்கள் சலித்துக்கொள்வார்கள். இச்சலிப்பு புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் பிழையானது என்பது என் எண்ணம். அதிலும் தமிழகத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது இருமடங்கு பிழை.

முதலில் உப்பளத்துப் பூஞ்சை. ஹோர்ட்டேயா வெர்னெக்கீ என்பது அதன் இன்றைய பெயர். கருமை நிறங்கொண்ட ஈஸ்ட் வகை. அட்ரியாட்டிக் கடற்கரையில் ஸ்லோவேனிய நாட்டிலுள்ள செச்சோவ்லே உப்பளங்களில் நீனா குண்டே சிமெர்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தேடியபோது, உப்பு ஏறக்குறைய படியும் நிலையை எட்டிவிட்ட நீரில் இது செழித்திருப்பதைக் கண்டார்கள். அந்த ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. அதுவரை அவ்வளவு செறிவான உப்புநீர் பாக்டீரியா முதலான நுண்ணுயிர்களுக்கே உரியது, பூஞ்சைக்கு அங்கே இடமில்லை என்றுதான் எண்ணியிருந்தார்கள். உப்பே இல்லாத நீரிலும் இது வளரும், உப்பு கட்டித்தட்டும் நீரிலும் வளரும். வெளியே உப்பு ஏற ஏறத் தன் உடலுக்குள் கிளிசராலைப் பெருக்கிக்கொண்டு நீரை இழக்காமல் காத்துக்கொள்கிறது. இப்படி இருமுனையிலும் கால்வைக்கத் தெரிந்த உயிர்கள் மிகச் சில.

இந்த உயிர் மனிதர்களின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு படலத்தை உண்டாக்கும். வலி இல்லை, அரிப்பும் பெரும்பாலும் இல்லை. தோலின் மேற்பரப்புக்குக் கீழே இறங்காது. மேற்பூச்சு மருந்தில் மறைந்துவிடும். ஆனால் பார்வைக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோயை ஒத்திருப்பதால் தேவையற்ற அச்சத்துக்கும், சில வேளைகளில் தேவையற்ற கத்திக்கும் காரணமாகியிருக்கிறது. 1921ல் பிரேசிலில் பரேய்ராஸ் ஹோர்ட்டா இதை விவரித்தபோது கிளாடோஸ்போரியம் என்ற பேரினத்தில் வைத்தார். பின்னர் எக்ஸோஃபியாலா என்றார்கள். 1984ல் ஹோர்ட்டேயா என்ற தனிப் பேரினம் அமைத்தார்கள். நடுவில் நாக்கில் நுழையாத இன்னொரு பெயரும் சில காலம் புழங்கியது. இந்த இடமாற்றங்களெல்லாம் நுண்ணோக்கியில் தெரிந்த வித்துகளின் வடிவத்தைப் பார்த்துச் செய்தவை.

மரபணு வரிசையைப் படித்த பிறகு தெரியவந்தது இதுதான்: எக்ஸோஃபியாலாவும் ஹோர்ட்டேயாவும் நுண்ணோக்கியில் சகோதரர்களைப்போல இருந்தாலும் பூஞ்சைகளின் குலமரத்தில் தொலைவான இருவேறு கிளைகளைச் சேர்ந்தவை. எக்ஸோஃபியாலாவின் கிளையில் தோலுக்கடியிலும் மூளையிலும்கூட நோயுண்டாக்கும் கொடியவை இருக்கின்றன. ஹோர்ட்டேயாவின் சுற்றத்தார் பெரும்பாலும் பாறைகளிலும் இலைகளிலும் உப்பிலும் வாழ்பவர்கள். ஒன்றைக் கண்டு அஞ்சவேண்டும், மற்றதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. 2013ல் ஹோர்ட்டேயாவின் முழு மரபணுத்தொகுதியும் வெளியானபோது அதில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருந்தன, அவற்றில் பெரும்பாலானவை இரட்டை இரட்டையாக. ஓர் உயிர் தன் ஏட்டையே ஒருமுறை முழுவதும் நகலெடுத்துக்கொண்டதோ என்று முதலில் எண்ணினார்கள். பிறகு பல்வேறு இடங்களிலிருந்து எடுத்த வகைகளை ஒப்பிட்டபோது, சற்றே வேறுபட்ட இரு வகைகள் கலந்து பிறந்த கலப்பினம் என்ற விளக்கமே வலுப்பெற்றது. நெய்தல் நிலத்துக்கு ஏற்ற திணைமயக்கம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கரும்பூஞ்சை என்றதும் பலருக்கு 2021 நினைவுக்கு வரும். கொரோனா இரண்டாம் அலையில் நாளிதழ்கள் கருப்புப் பூஞ்சை என்று எழுதிக் குவித்தது மியூக்கர் வகைப் பூஞ்சைகளை. அவை கருப்பல்ல. அவை இரத்தக்குழாய்களை அடைத்து, சதை அழுகிக் கறுப்பதனால் வந்த பெயர் அது. உண்மையிலேயே கறுத்த உடல்கொண்ட பூஞ்சைகள் ஹோர்ட்டேயா போன்றவைதாம். அந்த மாதங்களில் ஈரச்சுவரில் படிந்த கரும்பாசியைக் கண்டும், பழைய ரொட்டித்துண்டைக் கண்டும் மக்கள் நடுங்கினார்கள். பிழையான பெயர் செய்யும் தீங்குக்கு அதைவிடப் பெரிய சான்று நம் காலத்தில் இல்லை.

*

நம் முன்னோர்கள் வகைப்பாட்டில் சளைத்தவர்கள் அல்லர். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கியது. புறத்தே வைரம் பாய்ந்தது புல், அகத்தே வைரம் பாய்ந்தது மரம் என்று பிரித்தது. அதன்படி பனையும் தென்னையும் புல்லினம். நாம் அவற்றை மரம் என்றே அழைத்துவந்தாலும் இன்றைய தாவரவியல் தொல்காப்பியரின் பக்கம்தான் நிற்கிறது. ஒரு வித்திலையுடையவை என்ற முறையில் பனையும் நெல்லும் மூங்கிலும் ஒரே பெரும் கிளையில் அமர்கின்றன. தோற்றத்தைக் கடந்து உள்ளமைப்பைப் பார் என்பதே அந்நூற்பாவின் வழி. மரபணுவைப் படிப்பவர்கள் செய்வதும் அதன் நீட்சியே.

ஆனால் தோல்நோய்களைப் பொறுத்தவரை நம் மொழி தோற்றத்தோடு நின்றுவிட்டது. வட்டமாகப் பரவினால் படர்தாமரை. வெளிறிய திட்டு தேமல். சேற்றில் நின்றவர் கால்விரலிடுக்கில் வந்தால் சேற்றுப்புண். கால் வீங்கினால் எதுவாயினும் ஆனைக்கால். பெயர்கள் அழகானவை, ஒரு கொடுமையான நோய்க்குத் தாமரை என்று பெயரிட்ட கற்பனையை வியக்கத்தான் வேண்டும். எனினும் யானைக்கால் என்று ஒரே பெயரில் அடைக்கப்பட்டவற்றுள் நூற்புழுவால் வருவதும் உண்டு, பூஞ்சையால் வருவதும் உண்டு, பாக்டீரியாவால் வருவதும் உண்டு. இவற்றுள் பின்னிரண்டும் உலக மருத்துவத்தில் நம்மூர்ப் பெயராலேயே அறியப்படுகின்றன.

1842ல் மதுரையில் மருத்துவராக இருந்த கில் என்பவர் தம்மிடம் வந்த உழவர்களின் கால்களில் ஒரு விசித்திரமான நோயைக் கண்டார். பாதம் வீங்கி உருத்திரிந்து, பல துளைகள் விழுந்து, அவற்றின் வழியே சீழோடு சிறுசிறு மணிகள் வெளிவந்தன. 1846ல் கோல்புரூக் என்ற மற்றொரு மருத்துவர் இதை மதுரைக்கால் என்று அழைத்தார். மதுரைவாசிகளுக்கு அது வழக்கமான காட்சியாக இருந்திருக்க வேண்டும். பிறகு பம்பாய்க்கு வந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் 1860ல் இது பூஞ்சையால் வருவது என்று எழுதி மைசிட்டோமா என்று பெயரிட்டார். மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டும் கிரேயின் உடற்கூற்றியல் நூலின் முதற்பதிப்பு 1858ல் வந்தது. அதன் படங்களை வரைந்தவர் இந்தக் கார்ட்டர்தாம். வரைந்து முடித்த கையோடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, நம் ஏழை உழவர்களின் துளைவிழுந்த பாதங்களை வரைந்துகொண்டிருந்தார். 1874ல் இந்நோய் பற்றித் தனிநூலே எழுதினார்.

கார்ட்டர் சொன்னது பாதி உண்மை. 1894ல் வின்சென்ட் இதே நோயை உண்டாக்கும் வேறோர் உயிரைக் கண்டு அதற்கும் மதுரையின் பெயரைச் சூட்டினார். இன்று ஆக்டினோமதுரா மதுரே என்று அது அழைக்கப்படுகிறது. பேரினத்திலும் மதுரை, சிற்றினத்திலும் மதுரை. இழையிழையாக வளர்வதால் பூஞ்சை போலத் தோன்றும், ஆனால் அது பாக்டீரியா. பூஞ்சையால் வருவதற்கு முதன்மைக் காரணமான மதுரெல்லா மைசிட்டோமேட்டிஸ் என்பதன் பேரினப் பெயரை 1905ல் புரும்ப்ட் வைத்தார். ஆக ஒரே ஊரின் பெயரை இரு வேறு உலகங்களைச் சேர்ந்த உயிர்கள் சுமக்கின்றன. ஒரே காலில் ஒரே மாதிரியான புண்ணை உண்டாக்குகின்றன.

இங்கேதான் வகைப்பாடு ஒரு மனிதனின் காலைக் காக்கவோ இழக்கவோ செய்கிறது. பாக்டீரியாவால் வந்ததென்றால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் போதும், பெரும்பாலோர் குணமடைகின்றனர். பூஞ்சையால் வந்ததென்றால் இட்ராகோனசோல் என்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் உண்ணவேண்டும், நடுவே அறுவை சிகிச்சை செய்யவேண்டும், அப்படியும் நோய் திரும்பி வந்து கடைசியில் காலையே எடுத்தவர்கள் ஏராளம். தவறான கட்சியில் சேர்த்துவிட்டால் ஓராண்டு மருந்து வீண். அந்த ஓராண்டில் நோய் எலும்புக்குள் இறங்கிவிடும்.

நேர்மையாகச் சொல்லவேண்டும். பாக்டீரியாவா பூஞ்சையா என்று பிரிக்க மரபணு தேவையில்லை. மணியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் இழையின் தடிமனே காட்டிக்கொடுத்துவிடும். பாக்டீரியாவின் இழை மெல்லியது, பூஞ்சையின் இழை அதனினும் பலமடங்கு தடித்தது. மணி கறுப்பென்றால் பூஞ்சை என்றே கொள்ளலாம். மரபணுவின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. ஏனெனில் பூஞ்சைகளை வகைப்படுத்தும் பழைய முறை முழுவதும் வித்துகளின் வடிவத்தை நம்பியிருந்தது. மதுரெல்லாவோ ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும்போது பெரும்பாலும் வித்தே விடுவதில்லை. மலட்டு இழைகளாகவே பரவும். முகமே இல்லாத ஒருவருக்கு அடையாள அட்டை எழுதுவதைப் போன்ற வேலை அது. எனவே கறுத்த மணி, மலட்டு இழை என்ற இரு அடையாளங்களைக் கொண்டு சம்பந்தமில்லாதவற்றையெல்லாம் ஒரே பேரினத்தில் போட்டுவைத்தார்கள்.

மதுரெல்லா மைசிட்டோமேட்டிஸ், மதுரெல்லா கிரீசியா என்று இரண்டு இருந்தன. மரபணுவைப் படித்தபோது இவை ஒரு பேரினம் அல்ல, ஒரு குடும்பம் அல்ல, ஒரு வரிசைகூட அல்ல, வேறு வேறு வகுப்புகள் என்று தெரிந்தது. விலங்குலகில் சொல்வதானால் ஏறத்தாழ ஆட்டையும் கோழியையும் ஒரே பேரினத்தில் வைத்ததற்கு ஒப்பு. 2014ல் கிரீசியாவை ட்ரெமாட்டோஸ்ஃபேரியா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், மைசிட்டோமேட்டிஸ் என்றே எண்ணப்பட்டுவந்த சில வகைகள் தனிச் சிற்றினங்கள் என்று தெளிந்து புதுப்பெயர் பெற்றன. அவற்றுள் ஒன்றுக்குச் சூடான் நாட்டு அறுவை மருத்துவர் அகமது ஃபகலின் பெயரால் மதுரெல்லா ஃபகலீ என்று பெயர். ஆய்வுக்கூடச் சோதனையில் அது இட்ராகோனசோலுக்குப் பணியவில்லை, வோரிகோனசோலுக்குப் பணிந்தது. மருந்து மட்டும் அதே மருந்து என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த ஒரு வரியை எண்ணிப்பார்க்க வேண்டும்.

எனக்கு இதனினும் வியப்பளித்தது வேறொன்று. மதுரெல்லா எங்கே வாழ்கிறது என்பது நூறாண்டுகளாகப் புதிராக இருந்தது. மண்ணில், முள்ளில் என்று சொல்வார்கள். முள் குத்திய காலில் நோய் வருகிறது என்பதால் எழுந்த ஊகம் அது. டச்சு ஆய்வாளர் சைபிரன் டி ஹூக்கும் அவருடைய குழுவினரும் மரபணுவின்படி மதுரெல்லாவின் நெருங்கிய உறவினர்கள் யார் என்று பார்த்தார்கள். அக்கிளையில் பலவும் விலங்குகளின் சாணத்தில் வாழ்பவை. ஆகவே நோயின் மூலமும் சாணமாக இருக்கலாம் என்று 2013ல் எழுதினார்கள். இன்னும் உறுதிப்படாத கருதுகோள்தான். ஆயினும் ஓர் உயிரின் சுற்றத்தாரை அறிந்துகொண்டால் அதன் வீட்டு முகவரியை ஊகிக்கலாம் என்ற இந்தச் சாத்தியம் வெறும் பெயர் மாற்றத்தால் விளைந்தது. வெறுங்காலோடு மாட்டுத்தொழுவத்தில் புழங்கும் ஒரு நாட்டுக்கு இதைவிட முக்கியமான குறிப்பு வேறென்ன இருக்கமுடியும்?

*

மரபணு சில உயிர்களைப் பூஞ்சைகளின் வீட்டிலிருந்து வெளியேற்றியும் இருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களிலும் இலங்கையிலும் ஊருணிகளிலும் குளங்களிலும் குளிப்பவர்களுக்கு மூக்கில் செந்நிறச் சதை வளரும் நோய் ஒன்று உண்டு. ரைனோஸ்போரிடியம் என்பது அதன் காரணி. மாடுகளுக்கும் வரும். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அதைப் பூஞ்சை என்றே பாடநூல்கள் சொல்லின. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கவே முடியாத உயிர் என்பதால் மறுக்கவும் வழியில்லை. 1999லும் 2000லும் அதன் ரைபோசோம் மரபணுவைப் படித்தவர்கள், அது பூஞ்சை அல்ல, விலங்குகளும் பூஞ்சைகளும் பிரியும் முச்சந்திக்கு அருகே நிற்கும் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்ந்தது, அதன் உறவினர் மீன்களின் ஒட்டுண்ணிகள் என்று கண்டார்கள். பூஞ்சைக்கொல்லிகள் அதன்மேல் பலிக்காததன் காரணமும் விளங்கத் தொடங்கியது. நேர்மாறாக, நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் நெடுங்காலம் ஓரணு விலங்காகக் கருதப்பட்டு, 1988ல் பூஞ்சை என்று நிறுவப்பட்டது. எலிக்கு ஒன்று, மனிதனுக்கு ஒன்று என ஒவ்வொரு பாலூட்டிக்கும் தனித்தனிச் சிற்றினமாக அது பிரிந்திருப்பதும் பின்னர் தெரிந்தது.

*

இனி இன்று நம் வீடுகளில் புகுந்திருக்கும் படர்தாமரை. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தியா முழுவதும் படர்தாமரை பழையபடி இல்லை. இடுப்பிலும் தொடையிலும் தொடங்கி உடலெங்கும் பரவுகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் அனைவருக்கும் வருகிறது. முன்பு சில வாரங்களில் தீர்த்துவைத்த டெர்பினஃபின் மாத்திரைக்கு அடங்குவதில்லை. வியர்வையும் ஈரமும் உடலோடு ஒட்டிய ஆடையுமாக வேலை செய்யும் உப்பளத் தொழிலாளிக்கும் மீனவருக்கும் இது எத்தகைய துன்பம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. உப்புநீர் பட்ட இடத்தில் சொறிந்த தோல் எரியும் எரிச்சல் வேறு.

இந்நோய் பரவியதற்கு ஒரு பெரிய காரணம் எல்லோரும் அறிந்ததே. மருந்துக்கடையில் சென்று அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள் என்றால் கிடைப்பது மூன்று நான்கு மருந்துகளைக் கலந்த களிம்பு. அதில் குளோபெட்டசால் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், சிவப்பு மறைந்துவிடும். உண்மையில் அடங்கியது உடலின் எதிர்ப்பே ஒழியப் பூஞ்சை அன்று. அது உள்ளே நிம்மதியாகப் படரும். 2018ல் மைய அரசு இத்தகைய ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. களிம்பும் கடையில் இருக்கிறது.

பூஞ்சை எது என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடங்கள் தொடக்கத்தில் ட்ரைக்கோபைட்டான் மென்டாக்ரோஃபைட்டிஸ் என்றோ இன்டர்டிஜிட்டேல் என்றோ விடையளித்தன. வளர்ப்புத்தட்டில் பார்த்தால் அவற்றிலிருந்து வேறுபாடு தெரியாது. ஐடிஎஸ் என்று சொல்லப்படும் ஒரு சிறு மரபணுப் பகுதியைப் படித்தபோது ஒருசில எழுத்துகள் மட்டும் வேறாக இருந்தன. 2020ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அந்நாட்டில் இருந்த இந்திய, நேபாள நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்தவற்றைக்கொண்டு, இதைத் தனிச் சிற்றினம் என்று அறிவித்து ட்ரைக்கோபைட்டான் இன்டோடினியே என்று பெயரிட்டார்கள். அதற்கு முன்பே தில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் ஆய்வகத்தில் அனுராதா சௌத்ரியின் குழுவினர், மருந்துக்கு அடங்காமைக்குக் காரணம் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியின் மரபணுவில் நேர்ந்த மாற்றம் என்று காட்டியிருந்தார்கள். டெர்பினஃபின் பற்றிக்கொள்ளும் இடமே அந்த நொதிதான். 397ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் பிடி நழுவிவிடுகிறது. 2023ல் நியூயார்க்கில் இது கண்டறியப்பட்டபோதுதான் உலக இதழ்கள் இதைப் பற்றிப் பேசத் தொடங்கின. அதற்கு முன் கோடிக்கணக்கானோர் இங்கே சொறிந்துகொண்டிருந்தது செய்தியாகவில்லை.

இது தனிச் சிற்றினமா, அன்றி மென்டாக்ரோஃபைட்டிஸின் ஒரு கிளையா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. நான்கைந்து எழுத்து வேற்றுமைக்கு ஒரு பெயரா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரே தாயின் நகல்களாக அண்மையில் பெருகிய கூட்டம் இது. சிற்றினம் என்ற சொல்லின் பழைய பொருளில் இதற்குத் தகுதி உண்டா என்பது ஐயமே. பெயரே நோயின் முழு உண்மையையும் சொல்லிவிடும் என்றும் எண்ணவேண்டாம். இன்டோடினியே அனைத்தும் மருந்தை எதிர்ப்பவை அல்ல. வேறு சிற்றினமாகிய ரூப்ரம் வகையிலும் அதே மாற்றம் தோன்றியிருக்கிறது. ஆகவே எதிர்ப்பை அறிய அந்த நொதியின் மரபணுவைத் தனியே பார்த்தாகவேண்டும். இருந்தும் நான் தனிப்பெயரின் பக்கமே நிற்பேன். இன்டர்டிஜிட்டேல் என்று சீட்டில் எழுதிவந்தால் மருத்துவர் பழைய மாத்திரையையே பழைய அளவில் எழுதுவார். இன்டோடினியே என்று வந்தால் ஒரு கணம் நிதானிப்பார். அந்த ஒரு கணத்துக்காகவே பெயர் வேண்டும்.

2017ல் டி ஹூக் குழுவினர் இப்பூஞ்சைகளின் குடும்பம் முழுவதையும் மரபணுவின்படி மறுபடி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர் என்று ஒழுங்குபடுத்தினார்கள். அதுவரை ஒரே பூஞ்சைக்கு வித்துப் பருவத்தில் ஒரு பெயர், கலவிப் பருவத்தில் ஒரு பெயர் என்று இரட்டை வழக்கம் இருந்தது. 2011ல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு அதற்கு முடிவு கட்டியிருந்தது. பெயர்கள் பெருகுகின்றன என்று குறைசொல்பவர்கள், மரபணு வந்த பிறகு ஒழிந்த பெயர்களின் எண்ணிக்கையைக் கணக்கில் கொள்வதில்லை.

இந்தியாவின் பெயர் ஒரு நோய்க்கிருமிக்கு வேண்டுமா என்று தேசப்பற்றுடன் கேட்பவர்களும் உண்டு. புதிய மனித நோய்களுக்கு ஊர்ப்பெயர் வைக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் அறிவுறுத்தியிருக்கிறது. நோய்க்குச் சரி. உயிரினத்தின் பெயர் வேறு வகை. மதுரையின் பெயர் நூற்றியெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நோயோடு ஒட்டியிருப்பதால் மீனாட்சிக்கு ஒரு குறையும் வரவில்லை. எனக்கு உறுத்துவது பெயரன்று. மதுரைக்கால் பற்றிய மிகப்பெரிய அறிவுச் சேகரம் 1991ல் அமைந்த சூடானின் கார்ட்டூம் மைசிட்டோமா ஆய்வு மையத்தில் இருந்தது. நாற்பதாண்டு மாதிரிகள் அங்கே இருந்தன. 2023ல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் அம்மையம் அழிந்துபோனது என்ற செய்தி 2025ல் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016ல்தான் மைசிட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2022ல் அது வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைகளின் பட்டியலில் பத்தொன்பது இடங்கள். மைசிட்டோமாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. படர்தாமரைக்குக் கிடைக்கவில்லை. உயிரைக் கொல்வதில்லை அல்லவா!

பூஞ்சையை அடையாளம் காணத் தேவையான ஐடிஎஸ் பகுதி சுமார் அறுநூறு எழுத்துகள், இந்தக் கட்டுரையின் ஒரு பத்தியளவு. 2012லேயே அதைப் பூஞ்சைகளுக்கான பொது அடையாளக்குறியாக உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. நோயுண்டாக்கும் பூஞ்சைகளுக்கான நம் தேசியச் சேகரம் சண்டிகரில் உள்ளது. மரக்காணத்திலிருந்து சண்டிகர் எவ்வளவு தொலைவு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் புதுச்சேரி ஜிப்மர் நாற்பது கிலோமீட்டருக்குள். கொரோனாக் காலத்தில் மாவட்டந்தோறும் பிசிஆர் கருவிகள் வந்திறங்கின. அதே கருவியால் ஒரு கறுத்த மணியையும், ஒரு செதில் தோலையும் சோதிக்கத் தடையாக இருப்பது பொறியன்று, அதைச் சோதிக்கவேண்டும் என்ற எண்ணம் இல்லாமையே.

பருவமழை ஓய்ந்ததும் உப்பளங்களில் முதல் வேலை பாத்தியை மிதிப்பது. மழையில் குழம்பிய தரையை வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அதற்குப் பிறகுதான் உப்புநீரைப் பாய்ச்சமுடியும். அப்போது வருபவர்களின் பாதங்களை ஒரு நாள் முகாமிட்டுப் பார்த்து, விரலிடுக்கிலிருந்தும் தொடையிலிருந்தும் தோல் சுரண்டி, உள்ளங்கையில் கறுத்த படலம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, மாலையில் புதுச்சேரிப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடலாம். அதற்கு ஒரு மருத்துவரும் ஒரு செவிலியும் கண்ணாடித்தகடுகளும் போதும்.